தரிசில் தெரிந்த பசுவளையம்

பங்குனித் திங்களின் காலைக்கதிர், பழவேற்காட்டு ஏரியின் உப்புநீர்ப் பரப்பில் உருக்கிய வெள்ளியெனப் பரந்து, பூநாரைகளின் சிறகோரச் சிவப்பைத் தீண்டி, வலைகள் உலரும் குப்பங்களைக் கடந்து, சுண்ணாம்புக்குளத்துக்கு மேற்கே நீரின்றி வெளிறிய நெல்வயல்களின்மேல் ஏறிக்கொண்டிருந்த வேளையில், அவ்வயல்களுக்கு மேலே வண்டென இரைந்து சுழன்றது ஆளில்லாச் சிறு வானூர்தி ஒன்று. அதனை ஏவியவள் பூவிழி. மண்ணுள் மறைந்த பழஞ்சுவடுகளைத் தேடும் ஆய்வாளர். வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்தவர் அவ்வயல்களுள் ஒன்றுக்குரிய பொன்னுரங்கம்.

"மேலேர்ந்து பாத்தா இன்னாம்மா தெரியப்போவுது? காஞ்ச பயிருதான் தெரியும்."

"காஞ்சாத்தான்யா தெரியும்," என்று பூவிழி தன் கையிலிருந்த திரையை அவர்பால் திருப்பினாள்.

கண்டவரின் நகைப்பு உதட்டிலேயே உறைந்தது. வெளிறிய நிலத்தின் நடுவே, மாபெரும் கைவளை ஒன்றைப் பதித்தெடுத்தாற்போல், பச்சை வட்டமொன்று பிசகின்றிச் சுற்றியோடியது. அதிற்பாதி அவர் வயலில். மறுபாதி, வேலிக்கப்பால், தம்பி நீலமேகத்தின் தரிசில்.

"பழைய காலத்து அகழி மாதிரி இருக்குங்க. தோண்டிப் பாத்தாத்தான் உறுதியா சொல்லலாம். தூந்துபோன பள்ளத்துல ஈரம் தங்கும். அதான் அந்தக் கோட்ல மட்டும் பச்சை."

"யாரும் தண்ணி பாய்ச்சாமயா?"

"தரிசுக்கு யாருய்யா பாய்ச்சுவாங்க?"

அவர் வரப்பிலேயே அமர்ந்துவிட்டார். அறிவுடையீர், அதன் காரணத்தைக் கேளுங்கள். முன்னொரு கோடையில், தம்பி வயலில் பயிர் வளைகோடாய்ப் பசந்திருக்கக் கண்டு, இரவில் தம் மடையைத் திறந்து நீர் களவாடினான் என ஊரைக் கூட்டியவர் இவரே. அதே பசுமை தம் வயலில் தொடர்ந்ததைத் தாமிட்ட எருவின் பயனென்று எண்ணிப் பூரித்தவரும் இவரே. ஊர்வழக்கப்படி அம்மன் முன் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, தான் நீரெடுக்கவில்லையென ஆணையிட்டான் நீலமேகம். அத்திங்கள் கழியுமுன் நல்லபாம்பு தீண்டி அவன் வலக்கால் முழங்காலோடு போயிற்று. பொய்யாணைக்கு அம்மன் கொடுத்த கூலி என்றது ஊர். ஊர் சொல்லுமுன்பே அதைச் சொன்னவர் அண்ணன். மனைவி கோவிந்தம்மாளோடு மீஞ்சூருக்குப் போனவன் திரும்பவில்லை. அன்றுதொட்டு வேலிக்கப்பால் நோக்குவதையே பொன்னுரங்கம் விட்டிருந்தார்.

படத்தைக் கைப்பேசியில் வாங்கிக்கொண்டு அன்றே மீஞ்சூர் சென்றார். தொடர்வண்டி நிலையத்து மிதிவண்டி நிறுத்தத்தில், ஊன்றுகோல் அருகிருக்கச் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தான் நீலமேகம். சோற்றுத்தூக்கோடு வந்திருந்த கோவிந்தம்மாள்தான் முதலில் பார்த்தாள்.

"இன்னா மாமா, இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?"

அவர் படத்தைத் தம்பி முன் நீட்டினார். "நீ தண்ணி எடுக்கலடா. மண்ணுக்கடியில அகழி கீது. கோயில்ல ஊரக் கூட்டி நானே சொல்றேன். வூட்டுக்கு வந்துடு."

நீலமேகம் படத்தைப் பார்த்தான். "சொல்லு. ஊருக்குத் தெரியட்டும். நான் எடுக்கலன்னு எனக்கு எப்பவோ தெரியுமே." பிறகு, குரல் உயர்த்தாமலே கேட்டான்: "சூடத்த அணைச்சப்போ நீ எம்பக்கத்துலதான நின்ன? கை வெந்த வாசன உனக்கும் வந்துதே. அப்போ நம்பாதத இந்தப் படத்தப் பாத்தாண்ணா நம்புற?"

தொடர்வண்டி வந்து நின்றது. இறங்கிய கூட்டம் வண்டிகளைக் கேட்டு மொய்த்தது. "ஓரமா நில்லுண்ணா, வழி வுடு," என்று சொல்லிவிட்டு அவன் மீண்டும் சீட்டுகளைக் கையிலெடுத்தான்.

நீட்டிய கையை மடக்கவும் மறந்து ஓரமாய் நின்றார் பொன்னுரங்கம். தம்பியின் சொல்லை மெய்யென்று ஏற்க, புதைந்த பள்ளத்தின் ஈரமும் வானிலேறிய கண்ணும் அவருக்கு வேண்டியிருந்தன. அவையேதுமின்றி நம்பியிருக்கக்கூடிய நாளொன்று, அந்தத் தீய்ந்த உள்ளங்கையின் அருகிலேயே, தம்மைக் கடந்து போயிற்றென்பதை எந்தப் படமும் இனி அவருக்கு மாற்றிக் காட்டாது.