ஆறாம் வாசலில் சேற்றுக்கீரி

கன்னியம்மாளின் பசுவுக்குச் சினை ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது அருணாதேவியின் தோள்பைக்குள் போன் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அவளுடைய இடது கை தோள்வரை உறைக்குள், உறை பசுவுக்குள். "யாரோ அவசரமா கூப்புடறாங்க போல, எடுத்துப் பேசும்மா" என்றாள் கன்னியம்மாள், மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தபடி. "அவங்க அவசரத்துக்கு இது நிக்குமா?" என்று சொல்லிவிட்டு அருணாதேவி வேலையை முடித்தாள். கை கழுவி, வேப்பமரத்து நிழலுக்கு வந்து போனை எடுத்தாள். கூப்பிட்டவர் எவருமில்லை. முந்தின நாள் அவள் எழுதிப் போட்ட பதிவுக்கடியில் முந்நூறு பேர் வந்து நின்றிருந்தார்கள். முதல் ஆள் எழுதியிருந்தான்: 'ஆன்ட்டி, குக்கர்ல எத்தன விசில் வந்துச்சுனு போய்ப் பாருங்க.'

அவள் கால்நடை ஆய்வாளர். வயது நாற்பத்திமூன்று. வேங்கிக்காலில் வீடு, கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வேலை. சென்னையில் படிக்கும் மகள் தேவிப்ரியா போன லீவில் வந்தபோது, "பஸ்ல சும்மாதான உக்காந்துனு போற, இத்த ஆடு" என்று அம்மாவின் போனில் வனக்கோட்டை விளையாட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். விசித்திர மிருகங்களைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விட்டு, பத்து வாசல்களைத் தாண்ட வேண்டும். இரண்டே நாளில் அருணாதேவி இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டாள். அவளுக்குக் கிடைத்த முதல் மிருகம் சேற்றுக்கீரி. மங்கிய நிறம், குட்டைக் கால், அடிப்பதில் எல்லாவற்றையும்விடக் கம்மி. பிறர் முதல் நாளே கழற்றிவிடும் அதை அவள் வைத்துக்கொண்டாள். பசித்தால் அது மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. தோற்றால் மூலையில் போய்ச் சுருண்டது. பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால்தான் எழுந்து வந்தது. இதைச் செய்தவன் எவனோ நிஜமாகவே ஒரு ஜீவனை வளர்த்திருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது.

அதைத்தான் எழுதினாள். தமிழில் விளையாட்டுகளைப் பற்றிப் பேசும் முகநூல் குழு ஒன்றில், இந்த விளையாட்டின் பலம் இன்னது, பலவீனம் இன்னது என்று. தீனியும் ஓய்வும் நோயும் இவ்வளவு அக்கறையாக அமைந்திருப்பதைப் புகழ்ந்தாள். மழை பெய்யும்போது வரும் இசையைப் புகழ்ந்தாள். பிறகு குறைக்கு வந்தாள். மருந்து கொடுத்த நொடியில் காய்ச்சல் இறங்குகிறது, எந்த மிருகத்துக்கும் வயசாவதில்லை, போகட்டும். ஆனால் 'இணைப்பு' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நோஞ்சான் மிருகங்கள் இரண்டைப் பலிபீடம் மாதிரியான கல்லில் விட்டால் இரண்டும் மறைந்து பலசாலி ஒன்று வரும். ஐந்தாம் வாசலுக்கப்புறம் இணைக்காமல் நகரவே முடியாதபடி சண்டைகளை இறுக்கியிருக்கிறார்கள். 'ஐந்து வாசல்வரை பாசம் காட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஆறாவதில் கொல்லச் சொல்கிற விளையாட்டு இது' என்று முடித்திருந்தாள். 'என் வேலையில் கால் மடங்கிப் பிறந்த கன்றுகளுக்குச் சிம்பு வைத்துக் கட்டியிருக்கிறேன். சில எழுந்தன. சில எழவில்லை. எழாததை எழுந்ததோடு சேர்த்துக் கரைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை.'

கிண்டல்கள் வந்த மறுநாள் காலை அந்தக் குழுவை நடத்தும் புகழேந்தி கூப்பிட்டான். தேரடி வீதியில் செல்போன் கடை வைத்திருப்பவன், முப்பதுக்குள் வயது, குரலில் மரியாதை இருந்தது.

"மேடம், ஞாயித்துக்கெழம நம்மூர்லயே ஒரு போட்டி வெச்சிருக்கோம். பரிசெல்லாம் அந்த கம்பெனிக்காரங்கதான் குடுக்கறாங்க. நீங்க எழுதினதுல மொத பாதி சூப்பரு. ரெண்டாவது பாதிய மட்டும் எடுத்துட்டா நல்லாருக்கும்."

"பாதிய எடுத்துட்டா அது நான் எழுதினதா இருக்காதுப்பா."

"நீங்க இன்னும் ஆறாவது வாசலே தாண்டல மேடம். இணைக்காம யாராலயும் தாண்ட முடியாது. ஆடி முடிக்காம கொற சொன்னா பசங்க கேக்க மாட்டாங்களா?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அது அவளைச் சுட்டது. ஊசி போட்ட மாட்டைத் திரும்பப் போய்ப் பார்க்காமல் சினை என்று எழுதிக் கொடுக்கிற ஆள் இல்லை அவள்.

"ஞாயித்துக்கெழம வரேன். உங்க எதிர்லயே ஆடறேன். இணைக்காம."

வீட்டுக்குள்ளும் விஷயம் வந்து சேர்ந்திருந்தது. கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கும் கணவன் குமரேசனுக்கு அந்தப் பதிவையும் அடியில் இருந்த கிண்டல்களையும் யாரோ அனுப்பியிருந்தார்கள். "ஆபீஸ்ல சிரிக்கறாங்க. இந்த வயசுல இன்னாத்துக்கு இதெல்லாம்? எடுத்துடு, முடிஞ்சுது" என்றான்.

"நீங்க கிரிக்கெட் பாத்துட்டு அம்பயர திட்டறப்ப யார்னா சிரிச்சாங்களா?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணுதான். எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லியிருக்கேன். எடுக்க மாட்டேன்."

அவன் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனான். நான்கு நாள் பேச்சு குறைந்தே இருந்தது. அந்த நான்கு நாளும் அவள் பஸ்ஸில், கால்நடை ஆஸ்பத்திரியின் சிமெண்ட் படியில், தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்று கிடைத்த இடத்தில் ஆறாம் வாசலைக் காக்கும் இரும்புக்கொம்பனோடு மோதினாள். முப்பத்தெட்டு தடவை தோற்றாள். ஒவ்வொரு தோல்வியையும் மருந்துச் சீட்டின் பின்பக்கம் குறித்துவைத்தாள். வயிறு முட்டத் தின்றால் கீரி மந்தமாகிறது. பட்டினி போட்டால் முரண்டு பிடிக்கிறது. அரை வயிற்றுக்குக் கொடுத்து, சேற்றில் புரளவிட்டு, உடம்பு காய்வதற்குள் களத்தில் இறக்கினால் கொம்பனின் முட்டு பாதிக்கு மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. இதை அந்த விளையாட்டு எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் உள்ளே வைத்திருந்தது. அதற்காக அதன்மேல் அவளுக்கு மறுபடி மரியாதை வந்தது. அந்த மரியாதையும் தோற்ற எரிச்சலுமாகத்தான் விடாமல் ஆடினாள்.

கிரிவலக் கூட்டம் வரும் பௌர்ணமி இல்லாத ஞாயிறு என்பதால் செங்கம் ரோட்டு லாட்ஜ் ஒன்றின் கூடம் அவர்களுக்குக் கிடைத்திருந்தது. அருணாதேவி வந்து சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு. காலையில் ஒரு பிரசவக் கேஸ். புடவை மாற்ற வீட்டுக்குப் போகவில்லை. முந்தானையில் காய்ந்த சாணிக்கறையைப் பார்த்து முன்வரிசையில் இருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். "விசில் ஆன்ட்டி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவள் திரும்பி, குரல் வந்த திசையைப் பார்த்து, "ஆமாம்பா, நாந்தான்" என்றாள். பிறகு அந்தக் குரல் வரவில்லை. புகழேந்தி அவள் போனைப் பெரிய திரையோடு இணைத்துக் கொடுத்தான். அவன் முகத்தில் கேலி இல்லை. பரிசுகள் அடுக்கிய மேசையைத்தான் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் ஆட்டம் மூன்று நிமிடத்தில் தோற்றாள். கூடம் சிரித்தது. இரண்டாவதில் கீரியைச் சேற்றிலிருந்து சீக்கிரம் எழுப்பிவிட்டாள், அதுவும் போனது. விரல்கள் வியர்த்திருந்தன. புடவையில் துடைத்துக்கொண்டு மூன்றாவதாகத் தொடங்கினாள். இந்தத் தடவை கீரி அடிக்கவேயில்லை. கொம்பன் முட்ட முட்ட வழுக்கி விலகியது, அவ்வளவுதான். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். "போர் அடிக்குது" என்று யாரோ சொல்ல, "சும்மா இருடா, கொம்பனோட தெம்பப் பாரு" என்று இன்னொருவன் அடக்கினான். திரையின் மேல்மூலையில் இரும்புக்கொம்பனின் தெம்புக் கோடு நூல் நூலாகத் தேய்ந்துகொண்டிருந்தது. பதினெட்டாவது நிமிடம் அது முன்னங்கால் மடக்கி உட்கார்ந்தது. அப்போதுதான் கீரி போய் ஒரே ஒரு கடி கடித்தது.

கூடத்தில் எழுந்த சத்தத்தில் அருணாதேவிக்குக் கண் கலங்கியது. யாரும் பார்க்காமல் இமைத்துக்கொண்டாள். புகழேந்தியே கை தட்டினான். திரையில் கீரி நொண்டி நொண்டி வாசலை நோக்கி நடந்தது. வாசல் திறக்கவில்லை. அதன் முன்னால் அந்தக் கல் வந்து நின்றது. 'இணைக்க மிருகத்தை வைக்கவும்' என்றது எழுத்து. கீழே ஒரே ஒரு பொத்தான்: 'சரி.' அவள் திரையின் எல்லா மூலையையும் தொட்டுப் பார்த்தாள். வேண்டாம் என்பதற்கு இடமே விட்டிருக்கவில்லை. இணைக்காமல் ஒருத்தி இந்த வாசல்வரை வந்து சேர்வாள் என்று செய்தவர்கள் நினைத்தே பார்க்கவில்லை.

சத்தம் அடங்கிவிட்டது. "அமுக்குங்க மேடம்" என்றான் புகழேந்தி மெல்ல. "ஜெயிச்சுட்டீங்க இல்ல, இனிமே அது வெறும் பொம்மதான. உள்ள இன்னும் நாலு வாசல் இருக்கு."

"இருக்கட்டும்."

"அமுக்கலன்னா இதோட ஆட்டம் நின்னுடும்."

"நிக்கட்டும். ஆடி முடிச்சுட்டு எழுதச் சொன்ன இல்ல? முடிச்சுட்டேன். வேணாம்னு சொல்ல ஒரு பொத்தான் இல்லங்கறதயும் சேத்து எழுதப் போறேன். உன் குழுவுல இருந்து நீ தூக்கினா வேற எடத்துல எழுதுவேன்."

புகழேந்தியின் கையிலிருந்த போன் ஒலித்தது. அதன் திரையில் கம்பெனிக்காரரின் பெயர். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எடுக்காமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். மூன்றாவது வரிசையிலிருந்து கல்லூரிப் பெண் ஒருத்தி நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அருணாதேவியின் பக்கத்தில் போட்டாள். "அக்கா, அரை வயித்துக்குன்னா எவ்ளோ குடுத்தீங்க?" என்று கேட்டுத் தன் போனைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

சாப்பாட்டு நேரம் என்று லாட்ஜ் ஆள் விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்தான். திரையை மட்டும் எவரும் அணைக்கச் சொல்லவில்லை. அதில் கீரி கல்லைச் சுற்றி ஒரு தடவை மோந்து பார்த்தது. பிறகு மூடிய வாசலுக்குக் குறுக்கே, எவரும் தாண்டிப் போக முடியாதபடி, நீளமாகப் படுத்துக்கொண்டது. அதன் விலா மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.