ஆறு மணிக்குப் பொறவு

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த அன்று சாயங்காலம் ஜெயசித்ரா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள். மகள் மகாலட்சுமி பள்ளியிலேயே இரண்டாவதாக வந்திருந்தாள். மகன் காளிராஜ் கணக்கிலும் வேதியியலிலும் தவறியிருந்தான். தவறியதற்கு அவன் அழவில்லை. கூட்டாளிகளோடு பைக்கில் சுற்றினான். கேலி செய்த ஒருவனை அவன் பிடித்துத் தள்ளியதில் ஒரு பேக்கரியின் கண்ணாடி அலமாரி நொறுங்கிவிட்டது.

புதுக் கண்ணாடி போட்டுத் தருவதாக அவன் அப்பா ஐயாதுரை ஒப்புக்கொண்டதும், பேக்கரிக்காரர் வழக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எஸ்.ஐ. ஹெப்சிபா காளிராஜை எச்சரித்து அனுப்பிவைத்தார். ஜெயசித்ரா எழுந்தபோது மட்டும் தணிந்த குரலில் சொன்னார்.

"இந்த பெஞ்சுல தினம் ஒரு அம்மா வந்து உக்காருதாங்க. எல்லாரும் மகனைக் கூட்டிட்டுப் போக வந்தவங்கதான். மகளுக்காக வந்த அம்மாவ நான் பாத்ததே இல்ல."

ஊர் திரும்பும் மம்சாபுரம் பஸ்ஸில் அந்தப் பேச்சே ஜெயசித்ராவின் காதுக்குள் சுற்றியது. வீடு வந்ததும் மகளைத்தான் கேட்டாள்.

"ஒரே வயித்துல பொறந்தீக, ஒரே சோத்தைத் தின்னீக. நீ மட்டும் எப்படிடீ இம்புட்டு நல்லவளா வந்த?"

"நான் ஒண்ணும் நல்லவ இல்லம்மா. ஸ்கூல் விட்டா வீடு. ஆறு மணிக்குப் பொறவு வாசல்ல நின்னாலே நீ சத்தம் போடுவ. வேற என்ன செய்ய? பொழுது போகாமத்தான் படிச்சேன். அவனுக்கு ஊரே கெடந்துச்சு, சுத்துனான்."

மறுநாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டே ஜெயசித்ரா புதுச் சட்டம் சொன்னாள். துணைத் தேர்வு முடியும்வரை காளிராஜ் ஆறு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். அடுப்படி வேலையில் பாதி அவனுடையது. மகாலட்சுமி வீட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம், எட்டு மணிக்குள் வந்தால் போதும்.

ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்க்கும் ஐயாதுரைக்கு இது பொறுக்கவில்லை.

"ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? ஆம்பளப் பயல வீட்டுல அடைச்சு வப்பாகளா?"

"மகள அடைச்சு வச்சப்ப ஒங்களுக்கு வலிக்கல. இப்ப மட்டும் வலிக்குதோ?"

அவர் தோசையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. காளிராஜ் கதவை ஓங்கிச் சாத்தினான். சாப்பாட்டில் கோபத்தைக் காட்டினான், ஆனால் பசி விடவில்லை. கூட்டாளிகள் தெருவில் நின்று ஹாரன் அடித்தார்கள். ஜெயசித்ரா வாசலுக்கு வந்து, "பருப்பு வேகுதுப்பா. வெந்ததும் தாளிச்சிட்டு வருவான், செத்த நேரம் நில்லுங்க" என்றாள். அவர்கள் சிரித்த சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டது. காளிராஜ் முகம் சிவந்து உள்ளே நின்றான். அப்புறம் அவர்கள் வருவது குறைந்துபோனது.

மகாலட்சுமியின் பாடு வேறு. முதல் நாள் சாயங்காலம் ஜம்மென்று ஸ்கூட்டரில் கிளம்பியவள் கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டாள்.

"என்னடீ, பெட்ரோல் இல்லையா?"

"எங்க போறதுன்னே தெரியலம்மா."

ஜெயசித்ராவுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கொஞ்ச நாளில் மகளுக்கு வழி பழகிவிட்டது. சிநேகிதி ரமீஜாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்துக்குப் போனாள், கண்மாய்க் கரையில் காற்று வாங்கினாள், ராஜபாளையத்தில் ஷட்டில் விளையாடக் கற்றாள்.

ஒரு நாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்த காளிராஜ் தலை நிமிராமல் பேசினான்.

"எம்மா, ஒம்பதாம் கிளாஸ்ல நான் நல்லாத்தான் படிச்சேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்குடா."

"புஸ்தகத்தோட உக்காந்தா பயலுக என்னைய பொம்பளப் புள்ளையக் கூப்பிடுத மாதிரி 'ஏட்டி'ன்னு கூப்பிட்டானுக. அடிச்சேன். அடிச்சா சாரு 'நீ ரவுடிதாம்லே'ன்னு கடைசி பெஞ்சுல போட்டாரு. அங்க போனா பயலுக மரியாதை குடுத்தானுக. அப்படியே இருந்துட்டேன்."

ஜெயசித்ரா கரண்டியைக் கீழே வைத்தாள். ஊர் சுற்றுகிறான் என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறாள். ஏன் என்று ஒரு முறையும் கேட்டதில்லை. அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, அவளும் பூண்டை உரித்தாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குமுன் அவனாகவே கணக்குப் புத்தகத்தை எடுத்தான். புரியாத இடத்தை மகாலட்சுமி சொல்லிக் கொடுத்தாள். இருவரும் சண்டை போட்டபடியே படித்தார்கள்.

அப்புறம் ஒரு சாயங்காலம் மகாலட்சுமி எட்டு மணி தாண்டியும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. ஐயாதுரை சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போனார். 'நாமே கெடுத்துவிட்டோமோ' என்று நினைத்தபடி ஜெயசித்ரா வாசலில் நின்றாள். கடைசியில் ஸ்கூட்டர் வந்தது. இறங்கியவள் முகத்தில் பயமில்லை, கோபம்தான் இருந்தது.

"ரோட்டுல போலீஸ் நிறுத்திட்டாரு. ஹெல்மெட் போடல, லைசென்ஸையும் வீட்டுல வச்சிட்டேன்."

"ஐயையோ, பொறவு?"

"பொறவு என்ன? 'பொம்பளப் புள்ள, பாத்துப் போம்மா'ன்னு அனுப்பிட்டாரு. எனக்குப் பின்னாடி வந்த பையனுக்கு மட்டும் ஃபைன். அவனும் ஹெல்மெட் போடலதான், ஆனா லைசென்ஸாவது வச்சிருந்தான்மா! 'எனக்கும் போடுங்க சார்'னு கேட்டு நின்னதுலதான் நேரமாயிருச்சு. அவரு சிரிக்காரு, போடவே மாட்டேன்னுட்டாரு."

காளிராஜ் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தான். "பொம்பளப் புள்ளைகள விட்டுட்டு எங்களத்தான் பிடிப்பாகன்னு நான் இத்தனை வருசமாச் சொன்னேன்லாட்டி. ஒருத்தராச்சும் நம்புனீகளா?"

ஐயாதுரைதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளே அவர் மகளுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கி வந்தார்.

துணைத் தேர்வில் காளிராஜ் தேறினான். பிரமாதமான மதிப்பெண் இல்லை. ஆனாலும் பேக்கரிக்காரரைத் தேடிப் போய் அவனே மிட்டாய் கொடுத்தான். ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்தது. மகாலட்சுமி மதுரையில் சமூகவியல் எடுத்தாள். விடுதியில் தங்க வேண்டும். போன வருடமாக இருந்தால் ஜெயசித்ரா விட்டிருக்க மாட்டாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மகாலட்சுமி போனில் பேசினாள். ஜெயசித்ரா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"எம்மா, இன்னைக்கு கிளாஸ்ல மேடம் கேட்டாங்க. பொண்ணுங்க அதிகமா பாஸ் ஆகுறதுக்கும், ஜெயில்ல ஆம்பளைக அதிகமா இருக்குறதுக்கும் என்ன காரணம்னு. பாதிப் பேரு பொறவிக்குணம்னாங்க. நான் எந்திரிச்சு, 'எங்க வீட்டுல எங்கம்மா மாத்திப் போட்டுப் பாத்தாங்க மேடம்'னு நம்ம கதையைச் சொன்னேன்."

"அடிப்பாவி! எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். மேடம் 'சரி, முடிவு என்ன?'ன்னாங்க. 'ஒரு வீட்டை வச்சு முடிவு சொல்ல முடியாது மேடம், ஆனா எந்தம்பி வைக்குற ரசம் நல்லாருக்கும்'னேன். கிளாஸே சிரிச்சிருச்சு."

"நானாட்டி தம்பி? பத்து நிமிசம் முன்னாடி பொறந்துட்டு ரொம்பத்தான் பேசுத!" என்று காளிராஜ் அடுப்படியிலிருந்து கத்தினான்.

ஜெயசித்ரா ஸ்பீக்கரை அணைத்துப் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கொண்டையில் பூவைச் சொருகினாள்.

"சரி, வையிட்டி. மிச்சத்தை நாளைக்குப் பேசுவோம். அப்பாவும் நானும் ஆறரை மணி ஆட்டம் சினிமாவுக்குக் கெளம்பிட்டோம். அவிய வாசல்ல நின்னு அவசரப்படுத்துதாக."