சிவப்பு விளக்கும் ஆப்பிள் கேக்கும்

வெண்டல் பூஷே எங்கள் ஊர் சட்டமன்ற உறுப்பினர். மாட்டுப் பண்ணைக்காரர். "என் ஓட்டு உன் பக்கம்தாம்மா, லோர்னா" என்று என் சமையலறையில் உட்கார்ந்து, நான் சுட்ட ஆப்பிள் கேக்கைத் தின்றுகொண்டே சொன்ன மனுஷன். அதை நம்பித்தான் பனியில் வண்டியை ஓட்டிக்கொண்டு தலைநகரம் போனேன். காலையில் இன்னொரு கேக்கும் அவர் கையில் கொடுத்தேன்.

திருநங்கை என்பதற்காக யாரையும் வேலையை விட்டோ வீட்டை விட்டோ துரத்தக் கூடாது என்கிற மசோதா அது. மேலவை தாண்டியாகிவிட்டது, ஆளுநரும் கையெழுத்துப் போடத் தயார். வெண்டல் இருக்கும் இந்தச் சபைதான் பாக்கி. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரன், "உன்ன மாதிரி ஆளுக்கு வீடு இல்ல, ஜூன்ல காலி பண்ணு" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தான். சட்டம் வந்தால் அவன் வாய் மூடும். வராவிட்டால் நான் மூட்டை கட்டணும். பாதி கட்டியே வைத்திருந்தேன்.

பனியில் சாலை அடைபட்டு மசோதாவை ஆதரிக்கும் உறுப்பினர்கள் சிலர் வந்து சேரவில்லை. அதற்குள் ஓட்டெடுப்பு வந்துவிட்டது. சுவர்ப் பலகையில் ஒவ்வொரு பெயருக்கும் விளக்கு எரியும். பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு. வெண்டல் பெயருக்கு நேரே சிவப்பு. மசோதா தோற்றது.

பார்வையாளர் மாடத்திலிருந்து இறங்கி நடைபாதையில் அவரை மறித்தேன்.

"என் கேக்கத் தின்னுட்டு என் கழுத்தையே அறுத்தியா? குடு அத."

"எடுத்துக்க. ஆனா வீட்டுக்குக் கெளம்பிடாத. மத்தியானம் மேலேயே உக்காரு."

"எதுக்கு, உன் மூஞ்சியப் பாக்கவா?"

"மூஞ்சி சுமார்தான். உக்காரேன்."

ஆத்திரத்தில் முழுக் கேக்கையும் நானே தின்று தீர்த்தேன்.

மத்தியானம் சாலை திறந்து, வராதவர்கள் பனி ஒட்டிய பூட்ஸோடு வந்து உட்கார்ந்தார்கள். வெண்டல் எழுந்தார்.

"சபாநாயகரே, காலைல தோத்த மசோதாவ மறுபடி ஓட்டுக்கு விடணும்."

"ஜெயிச்ச பக்கத்துல ஓட்டுப் போட்டவங்கதான் அதக் கேக்க முடியும். நீங்க எந்தப் பக்கம்?"

"செவப்புங்க. பலகைல எல்லாருமே பாத்தீங்களே."

எதிர்த்தரப்பு வரிசையில் ஒருவர் தலையில் கைவைத்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்து, திரும்பக் கேட்கும் உரிமைக்காகவே கிழவர் சிவப்பை அமுக்கியிருக்கிறார். வெளியே சொன்னால் அவர்கள் உஷாராகிவிடுவார்கள். அதனால் என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

சபை மறுபடி ஓட்டுக்கு ஒத்துக்கொண்டது. இந்தமுறை வெண்டல் பெயரில் பச்சை. மசோதா ஜெயித்தது. பக்கத்தில் இருந்தவரைக் கட்டிக்கொண்டு அழுதேன், யாரென்றுகூடத் தெரியாது.

வாசலில் வெண்டல் தொப்பியை மாட்டிக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, என் கேக்கு எங்க?"

"தின்னுட்டேங்க."

"முழுசாவா?"

வீட்டுக்கு வந்ததும், கட்டி வைத்த பெட்டிகளில் ஒன்றைப் பிரித்தேன். வெண்டலுக்கு அடுத்த கேக்கை வைக்க வேண்டிய தட்டு அதற்குள் அடியில் கிடந்தது.