இஞ்ஞாசியை நான் கிணற்றில் இறக்க மாட்டேன்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலில் எழுதியபோது, கிணற்றில் முக்குளிக்கும் இஞ்ஞாசியின் கம்ப்ரசருக்கு எண்ணெய் மாற்றும் இடம் ஒரு பக்கம் வந்தது. அதைப் படித்துப் பார்த்த பத்திரிகைக்காரர், "அந்த எண்ணெய்ப் பக்கத்தை வெட்டிருங்க ஐயா. ஆளைச் சட்டுன்னு உள்ள இறக்குங்க. செத்தாக்கூட நல்லாருக்கும்" என்றார்.

செத்தாக்கூட! யாருக்கு ஐயா நல்லாருக்கும்?

2

தொடக்கம் ஒன்று: 'நீலம் ததும்பும் அந்தக் கிணற்றின் மௌனத்தில்...'

(அடித்துவிட்டேன். தண்ணீர் பச்சை. மௌனமும் இல்லை, பொன்னுத்துரை கத்திக்கொண்டிருக்கிறார்.)

தொடக்கம் இரண்டு: அய்யலூர்ப் பக்கம் பொன்னுத்துரையின் கிணறு அம்புட்டு ஆழம். ஆயக்குடிக் கொய்யாக்காயைப் போட்டால் அடி சேர்வதற்குள் பழுத்துவிடும்.* அதில் அவருடைய மோட்டார் கயிறறுந்து விழுந்துவிட்டது. வெங்காயம் வாடுகிறது. இஞ்ஞாசிக்கு ஆள் அனுப்பினார். இந்த வருசம்தான் கிணறு நிறைந்திருக்கிறது; அதற்கு முந்தைய மழையில்லாத வருசங்களில் முங்குவதற்குத் தண்ணீர் ஏது? முங்குகிறவனுக்கு மூச்சுக்காற்று அனுப்பும் கம்ப்ரசர் அதுவரை ஆட்டுக்கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது.

* நானே போட்டுப் பார்த்தேன். நம்பாதவர்கள் காயோடு வரலாம்.

3

"எஞ்சினைச் சுத்து, நான் குதிக்கிறேன்" என்று சட்டையைக் கழற்றினான் இஞ்ஞாசி. (இவன்மேல் எனக்குச் சந்தேகம். நான் இவனுக்கு இத்தனை வீராப்பு எழுதவில்லை.)

மேலே நின்று மெஷினையும் குழாயையும் பார்த்துக்கொள்பவள் அவன் மனைவி தமிழ்மதி. பழைய எண்ணெயை வடித்தாள். தார்போல விழுந்தது.

"டிராக்டர் எண்ணெய் கிடக்கு, ஊத்தும்மா" என்றார் பொன்னுத்துரை.

"அந்தப் புகையை இவரு நெஞ்சுல கட்டி இறக்கவாண்ணே? மூச்சுக்காத்து மெஷினுக்குத் தனி எண்ணெய். கொண்டாந்திருக்கேன்."

கம்ப்ரசரின் காற்றுத்தொட்டியில் அடித்திருகைத் திறந்தாள், துருத்தண்ணீர் வந்தது. காற்று வடிகட்டியில் எலி குட்டி போட்டிருந்தது. (எலி நிஜம்.) புதியது மாட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து, அப்புறம்தான் எஞ்சினை ஓடவிட்டாள். குழாய் வெட்டவெளியில் ஊதியது.

பொன்னுத்துரை அதை மோந்து பார்த்தார். "வாடையே இல்ல. இறங்குலே!"

"வாடையில்லாத நஞ்சும் இருக்குண்ணே. மெஷினைத் திருப்பி வச்சது யாரு?"

வெயில் படக்கூடாதென்று அவர்தான் பிரியமாகத் திருப்பியிருந்தார். காற்றை இழுக்கும் வாய் இப்போது எஞ்சின் புகைக்கு நேரே. தமிழ்மதி எஞ்சினை அணைத்தாள். உறிஞ்சும் குழாயை நீட்டி, புகை போகாத மேல்காற்றுப் பக்கம் கட்டினாள். திரும்பவும் ஓடவிட்டாள்.

"வெங்காயம் சாகுதும்மா!"

"அடுத்த போகம் போட்டா வெங்காயம் வரும்ணே. இவரு?"

4

முடிவு ஒன்று: மோட்டாரோடு மேலே வருகிறான்.

முடிவு இரண்டு, பத்திரிகைக்காரருக்காக: குமிழிகள் நின்றன. தமிழ்மதி கயிற்றை...

(எழுத மாட்டேன்.)

ஒருத்தன் சாக ஒரு வரி கேட்டால் உடனே தருகிறார்கள். உயிரோடு இருக்க ஒரு பக்கம் கேட்டால் 'இழுவை' என்கிறார்கள்! என்ன நியாயம் இது?

குழாய் ஊதிக்கொண்டிருக்கிறது. இஞ்ஞாசி கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே புகுந்த புகைக்காற்றெல்லாம் போகட்டும் என்று தமிழ்மதி நிற்கிறாள், இன்னும் தலையசைக்கவில்லை. அவசரப்படுகிறவர்கள் பேனாவை வாங்கிக்கொள்ளுங்கள். நேரே அவளிடம் போய், "போதும்மா, இறக்கு" என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் சொல்ல மாட்டேன். எனக்கு அவளைக் கண்டால் பயம்.