ராசிக்காரி பெயரில் ஒரு படகு

பொருளாதாரப் பேராசிரியர் சிவப்பிரகாஷுக்கு எதைப் பற்றியும் ஒரு கருத்து உண்டு. பெட்ரோல் விலையா, மின்கட்டணமா, இலவசப் பேருந்தா, கேட்டவர் வாயை மூடுவதற்குள் பதில் வந்துவிடும். ஞாயிறுதோறும் நாளிதழில் பத்தி எழுதுவார். தொலைக்காட்சியில் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிக்காரருக்கு வாய் திறக்க நேரமிருக்காது. அதற்காக அவர் சொல்வதெல்லாம் தப்பு என்று தள்ளிவிடவும் முடியாது. உப்பளத் தொழிலாளருக்கு மழைக்காலத்தில் எதற்குக் காசு என்று படித்தவர்களெல்லாம் முகம் சுளித்தபோது, அது ஏன் வேண்டும் என்று புள்ளிவிவரத்தோடு எழுதியவர் அவர்தான்.

அரசு தரும் உதவி வசதி இல்லாதவர்களுக்கே போக வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். "உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே பந்தி போட்டால், கடைசியில் வருகிறவனுக்கு ரசம்தான் மிஞ்சும்" என்பார். அதனால்தான், பெண்களின் வங்கிக் கணக்கில் மாதாமாதம் போடும் ஆயிரம் ரூபாய் உதவித்தொகையை யார் யாருக்கு நிறுத்தலாம் என்று பார்க்க மூவர் குழு அமைத்தபோது அவரையும் அதில் போட்டார்கள்.

சிவப்பிரகாஷ் சும்மா இருக்கவில்லை. சென்னைக்குக் குடிபோய் முப்பது வருடமானாலும் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி. அந்தக் கடற்கரையின் படகுப் பதிவேட்டை வரவழைத்து எண்ணினார். நூறு படகில் முப்பத்தொன்று பெண்கள் பெயரில் இருந்தது. அவருக்கே நம்ப முடியவில்லை, இன்னொரு முறை எண்ணினார். அந்த வாரப் பத்தி அதைப் பற்றித்தான். மீனவப் பெண்கள் முதலாளிகளாகிவிட்டார்கள் என்று மேடைக்கு மேடை அந்த முப்பத்தொன்றைச் சொன்னார்கள். குழுவின் வரைவு அறிக்கையில் ஏழாம் பத்தியை அவரே எழுதினார்: படகு உரிமையாளரான பெண்களுக்கு உதவித்தொகை தேவையில்லை.

ஒரு பெண் முதலாளியின் புகைப்படம் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று நாளிதழ் கேட்டது. திங்கட்கிழமை குழு கூடி அறிக்கையை முடிக்க வேண்டும். அதற்கு முந்தைய ஞாயிறு, கல்லூரியில் கூடப் படித்த ரோச்சின் காரில் புன்னைக்காயலுக்குப் போனார். ரோச் அந்த ஊர்களில் நண்டு வாங்கி ஏற்றுமதி கம்பெனிகளுக்குக் கொடுப்பவர், எல்லா வீடும் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் தொழிலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். பதிவேட்டிலிருந்து அவர் குறித்துக் கொண்டுவந்த பெயர் ஹில்டா. நாற்பது வயதுக்குள் இருக்கும். கோயிலுக்குக் கட்டிய சேலையோடு வந்து நின்றாள்.

ஒரு தடவை கடலுக்குப் போய்வர டீசல் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். கொழுந்தனைக் கேட்டால் தெரியும் என்றாள். மீனை யார் ஏலம் விடுவது என்றார். அதுவும் கொழுந்தன்தான். சரி, படம் எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று, கரையில் கிடந்த அவளுடைய படகில் ஏறி நிற்கச் சொன்னார். ஹில்டா இரண்டு எட்டு பின்னால் போய்விட்டாள்.

"பொம்பள வள்ளத்துல கால் வைக்கக் கூடாது சார். எம்பேரு இருக்கலாம். நான் ஏறக் கூடாது."

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவள் கல்யாணமாகி வந்த வாரம், வீட்டின் பழைய படகில் சீலா மீன் கொட்டோ கொட்டென்று கொட்டியதாம். வந்த பெண் ராசிக்காரி என்று வீடே கொண்டாடியிருக்கிறது. கொழுந்தன் மெல்வின் அந்தக் காசோடு கடனும் வாங்கிப் புதுப் படகு எடுத்தபோது ராசிக்காக அவள் பெயரில் பதிந்துவிட்டான். படகும் அவனது, வரும்படியும் அவனது. ஹில்டாவின் புருஷன் அதில் பங்குக்கு வேலை பார்க்கிறான். அவள் நண்டு ஷெட்டில் ஓடு உடைக்கப் போகிறாள். அந்தத் தெருவில் மட்டும் ஏழு படகு இப்படி மருமகள் பெயரிலும் மகள் பெயரிலும் கிடந்தது.

ரோச்சுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. "ஏலே, இந்தக் காரே எம்மவ பேர்லதான் ஓடுது. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா" என்றார்.

சிவப்பிரகாஷ் யாரிடமும் கேட்டிருக்கவில்லை. பதிவேட்டில் பெயர் இருந்தது, பாலினம் இருந்தது, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்துவிட்டார். மறைப்பது சரியில்லை என்று தோன்றியதால் ஏழாம் பத்தியைப் பற்றி அவளிடம் சொன்னார். உடனே கையோடு ஒரு யோசனையும் சொன்னார்: படகைக் கொழுந்தன் பெயருக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

ஹில்டா அவரைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"பேர எடுத்தா ராசி போச்சுன்னு அர்த்தம் சார். போன மாசம் வலை அறுந்ததுக்கே என் மூஞ்சியத்தான் பாத்தாவ. நானே போயி பேர எடுங்கன்னு சொன்னா, இந்த வீட்ல எனக்கு என்ன மரியாத இருக்கும்?" கொஞ்சம் நிறுத்தி, "அந்த ஆயிரத்துக்கு நான் ஒருத்தர் கையையும் பாக்க வேண்டாம். கேக்காம எனக்கு வாரது அது ஒண்ணுதான்" என்றாள்.

இதை யார் எழுதியது என்று கேட்டாள். நான்தான் என்றார். அவள் கோபப்படவில்லை. நீங்களும் இந்த ஊர்தானே, உங்கள் வீட்டில் இப்படிக் கிடையாதா என்று மட்டும் விசாரித்தாள். கிடையாது என்று டக்கென்று சொல்லிவிட்டார்.

கார் தூத்துக்குடி மார்க்கெட் வழியாகத் திரும்பியது. ஞாயிறு என்பதால் கடைகள் சாத்திக் கிடந்தன. அப்பா நடத்தி, இப்போது தம்பி நடத்தும் மளிகைக் கடையின் பலகை கண்ணில் பட்டது: முத்துக்கனி ஸ்டோர். முத்துக்கனி அவருடைய அம்மா. கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த லைசென்ஸும் அம்மா பெயரில்தான். சாத்தான்குளத்தில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்வர அம்மா அந்தக் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று பஸ்ஸுக்குக் காசு கேட்பாள். யாவாரம் முடியட்டும் என்பார் அப்பா. அம்மா நின்றுகொண்டே இருப்பாள். அந்தச் சட்டத்துக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பையன்தான் ஊரெல்லாம் எண்ணினான். சிவப்பிரகாஷுக்கு வெட்கமாக இருந்தது. ரோச் ஏதோ நண்டு விலை பேசிக்கொண்டு வந்தார், ஒன்றும் காதில் ஏறவில்லை.

திங்கட்கிழமை ஏழாம் பத்தியை எடுத்துவிட வேண்டும் என்றார். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி, மரியாதைக்காரர். முப்பத்தொன்று இல்லை என்றால் எத்தனை என்று பணிவாகக் கேட்டார்.

"தெரியாது. வீடு வீடாகப் போய்க் கேட்டால்தான் தெரியும்."

அவர் வாயிலிருந்து தெரியாது என்ற சொல் வந்து எத்தனை வருடமாயிற்றோ. அதை அறிக்கையில் எப்படிப் போடுவது என்றார் மூன்றாம் உறுப்பினர். கேட்டுக்கொண்டிருக்க அவகாசமும் இல்லை. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏழாம் பத்தி அப்படியே இருந்தது. அதற்கு ஆதாரமாக அடிக்குறிப்பில் அவருடைய கட்டுரையையே போட்டார்கள். தன் பெயரையாவது எடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். அச்சில் வந்ததை யாரும் மேற்கோள் காட்டலாம் என்று விளக்கினார்கள். தான் எண்ணியது தப்பு என்று அடுத்த ஞாயிறு பத்தி எழுதினார். நாளிதழும் போட்டது. எந்த மேடையிலும் யாரும் அதைச் சொல்லவில்லை.

அரசு ஆணை வந்த அன்று ரோச்சிடம் எண் வாங்கி ஹில்டாவுக்குத் தானே பேசினார். அந்த ஏழாம் பத்தியை எடுக்க வைக்க முடியவில்லை என்றார். அடியில் தன் பெயர் இருப்பதையும், கேட்டும் எடுக்கவில்லை என்பதையும் சொன்னார். அந்தப் பக்கம் நண்டு ஷெட்டின் இரைச்சல் கேட்டது.

"பேர எழுதிட்டாவன்னா லேசுல அழிக்க மாட்டாவ சார்" என்றாள். எந்த மாதத்திலிருந்து பணம் நிற்கும் என்று கேட்டாள். ஜூலை என்றார்.

"அப்ப இன்னும் ரெண்டு மாசம் வரும். அதுக்குள்ள மவளுக்குக் கண்ணாடி மாத்திருதேன்." பிறகு, "முன்கூட்டியே சொன்னீங்களே, சந்தோசம் சார்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.