மாத்திரைக் கவரும் என் கையெழுத்தும்

நான் மருந்துக் கடைக் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறவன். ஸ்டீராய்டு மாத்திரை வாங்க யார் வந்தாலும், கவரின் மேல் சிவப்புப் பேனாவால் 'டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது' என்று எழுதி, அடியில் கோடு போட்டு, வாயாலும் ஒரு பாட்டம் சொல்லித்தான் அனுப்புவேன். "சரி சார், ஆளை விடுங்க" என்று அவர்கள் கும்பிடும்வரை ஓயமாட்டேன். இப்பேர்ப்பட்ட மகான் வீட்டில்தான் துரைக்கு உடம்பு கெட்டது.

துரை எங்கள் நாய். உடம்பெல்லாம் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டதால் கால்நடை டாக்டர் ஸ்டீராய்டு எழுதினார். "தண்ணி நிறையக் குடிப்பான், பசி தாங்கமாட்டான், அடிக்கடி ஒண்ணுக்குப் போவான். பயந்துடாதீங்க" என்றார். எனக்கா பயம்? நான் தலையாட்டின தோரணையில், அவருக்கே பாடம் எடுத்துவிடுவேனோ என்று தோன்றியிருக்கும்.

ஆறு வாரத்தில் புண் ஆறியது. என் பொறுமை அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. துரை தண்ணீரை வாளி வாளியாகக் காலி செய்தான். குப்பைக்கூடையைக் கவிழ்த்து முட்டை ஓட்டைத் தின்றான். மூச்சிரைக்க என் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒருநாள், கடைக்குப் போட்டுக்கொண்டு போக வைத்திருந்த என் வெள்ளைக் கோட்டின் மேலேயே ஒன்றுக்குப் போனான். அன்றைய மாத்திரை என் சட்டைப் பைக்குள் போனது. மறுநாளும் அப்படியே. புண்தான் ஆறிவிட்டதே, நமக்குத் தெரியாத மருந்தா! மனைவியிடம் மூச்சு விடவில்லை.

நாலாம் நாள் துரை எழுந்திருக்கவில்லை. இரண்டு தடவை வாந்தி. ரொட்டியை மூக்கருகே நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். முட்டை ஓட்டைக்கூட விடாத வாய் அது. அவனைத் தூக்கிக்கொண்டு மனைவியோடு டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டரின் மேசையில் துரை துணிமூட்டை மாதிரி கிடந்தான்.

"மாத்திரை ஏதாவது விட்டுப்போச்சா?" என்றார் டாக்டர்.

"சேச்சே! இவர் கையாலதான் குடுக்கறார். மருந்துக் கடையில வேலை, இதுல எல்லாம் ரொம்பக் கறார்" என்றாள் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை இவ்வளவு புகழ்ந்ததில்லை. மாத்திரைக் கவரையும் எடுத்து நீட்டினாள்.

"அப்ப வேற ஏதோ இருக்கு. ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டுத்தான் வைத்தியம் பண்ணணும்" என்றபடி அவர் கவரைத் திருப்பினார். சிவப்பு மை, அடியில் கோடு. பழக்க தோஷத்தில் எனக்கு நானே எழுதிக் கொடுத்துக்கொண்டது.

வாயைத் திறக்காவிட்டால் என் மானம் பிழைக்கும். துரை பிழைப்பானா? அவன் பாதிக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, வாலை ஒரு தடவை அசைத்தான்.

"நான்தான் டாக்டர் நிறுத்தினேன். நாலு நாளாச்சு."

அவர் திட்டக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஊசி போட்டார், சலைன் ஏற்றினார். "திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். தண்ணியைத் தடுக்காதீங்க, அடிக்கடி வெளிய கூட்டிட்டுப் போங்க." அப்படியே என் கவுண்டர் வசனம். நான் கும்பிட்டேன். மனைவி என் பக்கமே திரும்பவில்லை.

சாயங்காலம் துரை தள்ளாடி எழுந்து, என் செருப்பை ஒட்டிப் பெரிய குளமாக ஒன்றுக்குப் போனான். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் திருப்பிக் கொடுத்த கவரை மனைவி என் கையிலிருந்து வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "இனிமே மாத்திரையை நான் குடுக்கறேன். நீங்க துடைங்க."