அச்சாகாத அடுக்கு

...கணினி வரைபடத்துக்கு அறுபது அடுக்கு போதும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, கோப்பில் கிடப்பதோ முன்னூற்றுப் பன்னிரண்டு, நான்கு மணிக்குள் அது வாசா நகரத்துப் பொறியாளர்களுக்குப் போயாக வேண்டும், இப்போதே மணி இரண்டரை, பின்லாந்தின் துர்க்கு நகரத்து நவம்பர் வெளிச்சம் ஜன்னலில் மங்கத் தொடங்கிவிட்டது. சுவருக்கு ஒரு அடுக்கு, கதவுக்கு ஒன்று, தண்ணீர்க் குழாய்க்கு ஒன்று, இதெல்லாம் சரி, ஆனால் ‘புதுசு’ என்று ஒன்று, ‘புதுசு2’ என்று ஒன்று, ‘இதுதான் கடைசி’ என்று ஒன்று, அதற்குப் பிறகும் நான்கு... மூன்று வருடமாக ஒரு நூலக விரிவாக்கத்தை வரைந்தவர்கள் ஆளுக்கொரு மூட்டையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், கூட்டிப் பெருக்குவது இல்போவின் வேலை. அவனுக்கு இந்த வேலை பிடிக்கும். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்றாக்கு, காலியானதைத் தூக்கு, எதையும் அழிக்கும் முன் ஒருமுறை திறந்து பார். மறைத்து வைத்த அடுக்கைக் கணினி சுமந்துகொண்டேதான் இருக்கும், உறையவைத்துவிட்டால் திரையிலும் வராது, கணினியும் மறந்துவிடும், கோப்பு லேசாகிவிடும், பூட்டினால் பார்க்கலாம், தொட முடியாது. பள்ளியில் பாதியில் நின்றவனுக்கு வாழ்க்கையில் முழுசாகத் தெரிந்தது இவ்வளவுதான். சானா காலையில் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள், அவனைவிடப் பதினைந்து வயது சின்னவள், இந்த அலுவலகத்துக்குத் தலைமை, “கோப்பா இது, கல்லறையா? வாசாக்காரங்க இரும்புச் சட்டம் கணக்குப் போடணும், பிணம் எண்ணக் கூடாது” என்றாள். வாசாக்காரர்கள். அந்தப் பெயரைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள், அவளுக்கென்ன தெரியும், ரீக்கா போனபோது அவள் இங்கே இல்லை.

ரீக்கா இப்போது அங்கேதான் இருக்கிறாள், அந்த இரும்புச் சட்டக்காரர்களிடம், இரண்டு வருடமாகிறது. இங்கே இருந்தபோது எதிர் மேசை. அவளும் அவனும் அதிகம் பேசியதில்லை, பேசுகிற ஆட்களும் இல்லை, அதற்குப் பதிலாக ஒரு அடுக்கு வைத்திருந்தார்கள், ‘ரீ-இ’ என்று, அச்சாகாத அடுக்கு, திரையில் தெரியும், காகிதத்தில் வராது. ‘உன் கதவு என் அலமாரிய இடிக்குது’ என்று அவள் எழுதுவாள், ‘அலமாரிய நகரச் சொல்லு, கதவு முதல்ல வந்துச்சு’ என்று இவன் எழுதுவான், வாசிப்பறை நடுவில் சிவப்பு எழுத்தில் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள், எதிரெதிரே வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை அவள் ஜன்னலோரம் இரண்டு நாற்காலி வரைந்து ‘இது உனக்கு, இது எனக்கு, வாசகர்கள் நிக்கட்டும்’ என்று எழுதியிருந்தாள். அவன் அதற்குப் பதில் எழுதவில்லை, என்ன எழுதுவது என்று யோசித்தே அந்த வாரம் போய்விட்டது... ஆனால் நாற்காலிகளை அழிக்கவில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை, இரண்டு மணிக் காபி, ஏலக்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே, “நேத்து வரைஞ்சத பார்த்தியா?” என்று கேட்டாள். “பார்த்தேன். படிக்கட்டு அளவு மட்டும் கொஞ்சம் இடிக்குது, மத்தபடி சரி.” அவள் அவனையே பார்த்தாள், பிறகு “சரி” என்றாள், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். திங்கட்கிழமை வேலையை விடுவதாகச் சொன்னாள். அவன் வாழ்த்துச் சொன்னான். கையைக் கூடக் குலுக்கினான், மடையன்.

இருநூற்று நாற்பதாவதாக அது வந்தது. ‘ரீ-இ’, உறைந்த நிலையில். அழிக்கலாம், அச்சாகாத அடுக்கு எதையும் அனுப்பக் கூடாது என்று ஒப்பந்தமே சொல்கிறது. ஆனால் திறந்து பார்க்காமல் அழிப்பதில்லையே, அது அவன் போட்ட விதி. திறந்தான். இரண்டு நாற்காலிகள். கதவுச் சண்டை. அப்புறம் படிக்கட்டுக்குக் கீழே, அவன் பார்த்தே இராத நான்கு வரி. ‘வாசாவுல வேலை கிடைச்சிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். போகாதன்னு நீ சொன்னா போகமாட்டேன். ஒண்ணும் சொல்லாட்டி போயிடுவேன்.’ தேதி, அந்தப் புதன்கிழமை. எப்படிப் பார்க்காமல்... வியாழன் காலை, ஆமாம், கோப்பு திறக்க நான்கு நிமிடம் பிடித்தது, அச்சாகாத எல்லாவற்றையும் ஒரே விசையில் உறையவைக்க அவனே ஒரு கட்டளை எழுதி வைத்திருந்தான், அதில் அவனுக்குப் பெருமை வேறு, திரை முழுசாக விரியும் முன்பே தட்டினான், காகிதத்தில் எடுத்துச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தான். படிக்கட்டு அளவு இடித்தது. அதைத்தான் பார்த்திருந்தான். அவள் காபிக்குப் பிறகு கோப்பைத் திறந்திருப்பாள். தன் எழுத்து உறைந்து கிடப்பதைப் பார்த்திருப்பாள். பார்த்தேன் என்று வாயால் சொன்னான், படித்துவிட்டு மூடியும் வைத்திருக்கிறான்... வேறென்ன நினைப்பாள் ஒருத்தி? அவன் பதில் சொல்லியிருக்கிறான், தெளிவாக, அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டுமே புரிகிற மாதிரி.

மூன்று நாற்பது. வெளியே இருட்டிவிட்டது, கண்ணாடியில் அவன் முகமும் திரையும்தான். தொலைபேசி எண் இருக்கிறது, இரண்டு வருடம் கழித்து அழைத்து என்ன சொல்வது, கோப்பு மெதுவாகத் திறந்தது என்றா? அவளுக்கு யாராவது இருக்கலாம். இருக்கட்டும். இந்த வரைபடத்தை அவள்தான் திறப்பாள் என்றும் நிச்சயமில்லை, அங்கே எட்டுப் பேர் இருக்கிறார்கள். அவளுடைய நான்காவது வரிக்குக் கீழே சொடுக்கினான். ‘பார்க்கல. இன்னைக்குத்தான் பார்த்தேன்.’ அழித்தான். மறுபடி அதையே எழுதினான். ‘போகாத’ என்று சேர்த்தான், அந்தச் சொல் இனி எதற்கும் உதவாது என்று தெரிந்தே சேர்த்தான்.

“முடிஞ்சுதா?” சானா மேலங்கியை மாட்டிக்கொண்டே வந்தாள். “எத்தனை?”

“அறுபத்தொண்ணு.”

“அறுபதுதானே கேட்டாங்க. எண்ணத் தெரியாதா உனக்கு?”

“ஒண்ணு வேணும்.”

“யாருக்கு?” என்றாள், பிறகு “திட்டு வந்தா உன் பேரத்தான் சொல்வேன்” என்று கிளம்பிவிட்டாள். அவன் அனுப்பினான். போய்விட்டது என்று திரை சொன்னது, காபி இயந்திரம் அணைந்தது, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக உள்ளே ஏதோ லேசானது போல் இருந்தது, அதுவும் ஒரு நிமிடம்தான். தன் பிரதியைத் திறந்தான், சும்மா, இன்னொரு முறை படிக்க. ‘ரீ-இ’ பக்கத்தில் சின்னப் பூட்டு. அனுப்பும் முன் எல்லா அடுக்கையும் பூட்டுகிற இன்னொரு விசையைக் கை எப்போது தட்டியது? எப்போதும் தட்டுகிற கைதான். படிக்க முடியும், கீழே ஒன்றும் எழுத முடியாது. திறக்க ஒரு சொடுக்குப் போதும், அது அவளுக்கும் தெரியும். தெரியும், ஆனால் போன தடவையும் அந்த ஒரு சொடுக்கு அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது, உறைந்ததை அவள் திறக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டுத்தான் போனாள்...